இறந்த சொல்லை எழுப்பும் மொழிபெயர்ப்பு

அறிவியல் கலைச்சொல் ஒன்றை மொழிபெயர்ப்பவர் எதை மொழிபெயர்க்கிறார்? சொல்லையா, அச்சொல் சுட்டும் நிகழ்வையா? நிகழ்வைத்தான் என்று மேடையில் முழங்கிவிட்டு, பட்டியல் தொகுக்க உட்கார்ந்ததும் ஆங்கிலச் சொல்லைப் பிரித்துத் துண்டுக்குத் துண்டு ஈடு வைப்பதே இந்திய மொழிகள் பலவற்றிலும் நடைமுறையாக இருந்துவருகிறது. பெரும்பாலான சொற்களுக்கு இதனால் பெருஞ்சேதம் இல்லை. சிலவற்றுக்கு உண்டு. வேதிவினையின்போது தனியுறுப்பு இணைகளில் தோன்றும் தற்சுழற்சி முனைவாக்கம் அச்சிலவற்றில் ஒன்று. ஆங்கிலத்தில் அந்நிகழ்வுக்கு ஐந்து சொற்களாலான பெயர் வழங்குகிறது. சொல்லுக்குச் சொல் வைத்தால் ‘வேதியியலால் தூண்டப்பட்ட இயக்கமுறை அணுக்கரு முனைவாக்கம்’ என்று வரும். இலக்கணப் பிழை இல்லை. உச்சரிக்கவும் முடியும். ஆனால் இதன் பொருளுணர்ந்து படிக்கும் தமிழ் மாணவர், 1969க்குப் பிறகு அத்துறையே கைவிட்ட ஒரு விளக்கத்தைப் பெயரோடு சேர்த்து விழுங்கிவிடுவார். அதே பெயரை ஆங்கிலத்தில் படிக்கும் மாணவருக்கு இந்த ஆபத்து ஏறத்தாழ இல்லை. வழக்கின் உயிர்நிலை இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

முதலில் நடந்தது என்ன என்பதைப் பார்க்க வேண்டும். 1967ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் நகரில் யோவாஹிம் பார்கன், ஹான்ஸ் ஃபிஷர், உல்ரிஷ் யோன்சன் ஆகிய மூவரும் பென்சாயில் பெராக்சைடைக் கரைப்பானில் சூடாக்கி, வினை நடந்துகொண்டிருக்கும்போதே அதன் அணுக்கரு காந்த ஒத்ததிர்வு நிறமாலையைப் பதிவு செய்தார்கள். வினையில் உண்டாகும் பென்சீனின் கோடு, மேல்நோக்கி எழ வேண்டிய இடத்தில் கீழ்நோக்கித் தொங்கியது. அங்கிருந்த புரோட்டான்கள் கருவியிடமிருந்து ஆற்றலை உட்கவர்வதற்குப் பதிலாக ஆற்றலை உமிழ்ந்தன என்பது அதன் பொருள். வினை ஓய்ந்ததும் கோடு நிமிர்ந்து இயல்புக்குத் திரும்பியது. அதே ஆண்டில், அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஹெரால்டு வார்டும் ரொனால்டு லாலரும் பியூட்டைல் லித்தியம் வினைகளில் இத்தகைய உமிழ்வுக் கோடுகளையும், இயல்பைவிடப் பன்மடங்கு உயர்ந்த உட்கவர்வுக் கோடுகளையும் தனியே கண்டறிந்தார்கள்.

இதன் வியப்பை உணர ஓர் எண் போதும். அக்காலக் கருவிகளில் பரவலாக இருந்த 1.4 டெஸ்லா காந்தப்புலத்தில், அறை வெப்பநிலையில், புரோட்டானின் இரு தற்சுழற்சி நிலைகளுக்கும் இடையிலான எண்ணிக்கை வேறுபாடு 10 லட்சத்துக்கு ஏறத்தாழ 5தான். ஒத்ததிர்வு நிறமாலையியல் முழுவதும் இந்த ஐந்தை நம்பிப் பிழைக்கிறது. கோடு தலைகீழானால் அந்த ஐந்து கணக்கு மாறிவிட்டது, மேல்நிலையில் ஆள் கூடிவிட்டது என்று பொருள். யார் மாற்றியது? எப்படி?

கண்டுபிடித்தவர்கள் கைக்கெட்டிய விளக்கத்தை எடுத்தார்கள். அதில் அவர்கள்மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. 1953இல் ஆல்பர்ட் ஓவர்ஹவுசர் ஒரு கருத்தை முன்வைத்திருந்தார்: எலக்ட்ரான்களின் தற்சுழற்சியை வெளியிலிருந்து நுண்ணலையால் ஓயாமல் கிளறிச் சமநிலையைக் குலைத்தால், அவை மீண்டும் தளர்ந்து அடங்கும்போது பக்கத்திலுள்ள அணுக்கருக்களையும் புரட்டிவிடும், அணுக்கருக்களின் முனைவாக்கம் பல நூறு மடங்கு உயரும். முன்னணி இயற்பியலாளர் பலரே அன்று நம்பவில்லை. அதே ஆண்டில் கார்வரும் ஸ்லிக்டரும் செய்த சோதனை அவர்களை வாயடைக்க வைத்தது. இந்த முறைக்கு ‘இயக்கமுறை’ அணுக்கரு முனைவாக்கம் என்று பெயர் வழங்கிற்று. 1967இல் டார்ம்ஷ்டாட் குழுவினர் இதையே தங்கள் குடுவைக்குள்ளும் கண்டார்கள். வினையில் புதிதாகப் பிறக்கும் தனியுறுப்பின் எலக்ட்ரான் சமநிலையில் இருப்பதில்லை. அது சமநிலைக்குத் தளரும்போது அணுக்கருவைப் புரட்டுகிறது. ஓவர்ஹவுசரின் நுண்ணலை செய்த வேலையை இங்கே வேதிவினை செய்கிறது. ஆகவே ‘வேதியியலால் தூண்டப்பட்ட’ என்னும் அடைமொழியும், அதன் பின்னே ஓவர்ஹவுசரின் ‘இயக்கமுறை’யும். பெயரின் ஒவ்வொரு துண்டும் ஒரு கோட்பாட்டின் வாக்குமூலம்.

அந்தக் கோட்பாடு இரண்டே ஆண்டுகள்தான் நின்றது. ஒரே அணுக்கருத் தொகுதியின் பிளவுபட்ட கோடுகளில் பாதி உமிழ்வாகவும் பாதி உட்கவர்வாகவும் வந்த நிறமாலைகளை அதனால் விளக்க முடியவில்லை. கூட்டிப் பார்த்தால் அங்கே நிகர முனைவாக்கம் பூச்சியம். எலக்ட்ரான் அணுக்கருவைத் தள்ளியிருந்தால் எல்லாக் கோடுகளும் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். 1969இல் சிகாகோவில் ஜெர்ஹார்ட் குளோஸும், நெதர்லாந்தின் லைடனில் ராபர்ட் கப்டைனும் ஓஸ்டர்ஹோஃபும், ஒருவர் பணியைச் சாராமல் மற்றவர், புதிய விளக்கத்தைத் தந்தார்கள். (எலக்ட்ரானுக்குத் தற்சுழற்சி உண்டு என்று 1925இல் ஊலன்பெக்கும் கௌட்ஸ்மிட்டும் முன்மொழிந்ததும் அதே லைடனில்தான். அந்தப் பெயரும் முழுக்கச் சரியானதன்று. எலக்ட்ரான் பம்பரமாய்ச் சுழல்வதில்லை. ஆனால் கோண உந்தம் மெய்யாகவே இருப்பதால் ‘தற்சுழற்சி’ பாதிப் பொய்யோடு தப்பிக்கிறது.) தனியுறுப்பு இணைக் கோட்பாடு என்று இன்று அழைக்கப்படுவது அந்த 1969ஆம் ஆண்டு விளக்கம்தான்.

அதன் உள்ளடக்கத்தைப் பொறுமையாகச் சொல்லியாக வேண்டும். ஏனெனில் பெயருக்கும் பொருளுக்கும் உள்ள பகை அங்கேதான் வெளிப்படுகிறது. ஒரு பிணைப்பு சரிபாதியாக முறியும்போது இரண்டு தனியுறுப்புகள் பிறக்கின்றன. முறிந்த பிணைப்பின் இரு எலக்ட்ரான்களும் ஒன்றுக்கொன்று எதிரிணையாக இருந்தவை. பிரிந்த பின்னும் சிறிது நேரம் அந்த உறவை மறப்பதில்லை. இந்நிலை ஒற்றைநிலை. ஒற்றைநிலையில் இருக்கும்வரை இரண்டும் மீண்டும் சந்தித்தால் பிணைந்துகொள்ளலாம். மும்மைநிலைக்கு மாறிவிட்டால் அந்தக் கதவு அடைபட்டுவிடும். கரைப்பான் கூண்டைவிட்டுத் தப்பித்துப் போய் வேறெதனோடாவது வினைபுரிவதுதான் வழி. ஆக இரண்டு கதவுகள்: சேர்க்கைக் கதவு, தப்பும் கதவு. எந்தக் கதவு என்பதை முடிவு செய்வது, ஒற்றைநிலையிலிருந்து மும்மைநிலைக்கு இணை எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பது. வலிமையான காந்தப்புலத்தில் இந்த மாற்றத்தின் வேகத்தைத் தீர்மானிப்பது இரு எலக்ட்ரான்களின் சுற்றசைவு அதிர்வெண்களுக்கு இடையிலான வேறுபாடு.

எண்ணில் பார்க்கலாம். இரு தனியுறுப்புகளின் ஜி-காரணிகள் 0.001 அளவு வேறுபடுகின்றன என்று கொள்வோம். 1.4 டெஸ்லா புலத்தில் இது ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ் வேறுபாட்டைத் தரும். அவற்றுள் ஒன்றில் ஒரு புரோட்டான் இருக்கிறது. எலக்ட்ரானோடு அதன் மீநுண் இடைவினை 1 மில்லிடெஸ்லா, அதாவது 28 மெகாஹெர்ட்ஸ். புரோட்டான் ஒரு நிலையில் இருந்தால் எலக்ட்ரானின் அதிர்வெண்ணோடு 14 கூடும். எதிர்நிலையில் இருந்தால் 14 குறையும். ஆகவே முதல்வகைப் புரோட்டானைத் தாங்கிய இணைகளில் வேறுபாடு 34 மெகாஹெர்ட்ஸ். இரண்டாம் வகையில் வெறும் 6. முதல்வகை இணைகள் சுமார் 15 நானோ நொடியில் மும்மைநிலையை எட்டிவிடுகின்றன. மற்றவற்றுக்கு 80 நானோ நொடிக்கு மேல் ஆகிறது. இணைகள் பரவிப் பிரிந்து மறுபடி சந்திப்பதும் இதே கால அளவுகளில்தான். அந்த மறுசந்திப்பின் பங்கை 1970இல் ஃபிராங்க் ஏட்ரியன் எடுத்துக்காட்டினார். விளைவு வெளிப்படை. முதல்வகைப் புரோட்டான்கள் பெரும்பாலும் தப்பும் கதவு வழியாகவும், இரண்டாம் வகை பெரும்பாலும் சேர்க்கைக் கதவு வழியாகவும் வெளியேறுகின்றன. ஒரு விளைபொருளில் ஒருவகைப் புரோட்டான் குவிகிறது, மற்றதில் எதிர்வகை.

கவனிக்க வேண்டியது இது: இந்த நிகழ்வு முழுவதிலும் ஒரு புரோட்டான்கூடப் புரட்டப்படவில்லை. யாரும் யாரையும் தள்ளவில்லை. வினைக்கு முன் எத்தனை ‘மேல்’, எத்தனை ‘கீழ்’ இருந்தனவோ, அத்தனையே வினைக்குப் பின்னும் இருக்கின்றன. அவை வெவ்வேறு மூலக்கூறுகளில் போய்ச் சேர்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். இரு விளைபொருள்களின் முனைவாக்கத்தையும் கூட்டினால் ஒன்றையொன்று அழித்துவிடும் (தப்பிய தனியுறுப்பில் தளர்வு குறுக்கிடாதவரை). முறத்தில் புடைப்பவர் பதரை நெல்லாக்குவதில்லை, இருந்ததைப் பிரிக்கிறார். தனியுறுப்பு இணை ஒரு முறம். இயல்பில் 10 லட்சத்துக்கு ஐந்தே வேறுபாடு இருக்கும் இடத்தில், நூற்றுக்குச் சில என்ற அளவில் புடைத்தால் போதும், சைகை ஆயிரக்கணக்கான மடங்காகிவிடும்.

இப்போது ‘தூண்டப்பட்ட’ என்ற சொல்லையும் ‘இயக்கமுறை’ என்ற சொல்லையும் மறுபடி பார்க்க வேண்டும். இரண்டும் தள்ளுதலின் சொற்கள். கோட்பாடோ பிரித்தலின் கோட்பாடு. பெயர் ஒன்று சொல்கிறது, பொருள் வேறொன்று செய்கிறது.

ஆங்கிலத்தில் இது ஏன் கேடு விளைவிக்கவில்லை? அங்கே பெயர் இறந்துவிட்டது. ஆய்வகத்தில் யாரும் அதன் ஐந்து சொற்களையும் சொல்வதில்லை. முதலெழுத்துகளைச் சேர்த்துக் ‘கிட்னிப்’ என்று ஒரே மூச்சில் சொல்கிறார்கள். ‘கிட்னிப்’ என்பதற்குள் தூண்டலும் இல்லை, இயக்கமும் இல்லை. அது ஓர் இடுகுறி. மொழியியலில் இது பழகிய செய்தி: காரணப்பெயர் வழக்கில் தேய்ந்து இடுகுறியாகிறது, பெயரின் காரணம் பொய்த்துப்போனாலும் பெயர் பிழைத்துக்கொள்கிறது. தேய்மானம் இங்கே ஒரு பாதுகாப்பு. மொழிபெயர்ப்பு என்ன செய்கிறது? இறந்துபோன காரணத்தைத் தோண்டியெடுத்து, கழுவி, புதுமொழியில் பளபளவென்று நிறுத்துகிறது. ஆங்கிலத்தில் ஐம்பது ஆண்டுகளாக எவர் கண்ணிலும் படாத பிழை, தமிழில் முதல் நாளே பொருள் விளங்கும் சொல்லாக நடமாடத் தொடங்குகிறது. தாய்மொழிக் கல்வியின் பெரும் வலிமை என்று போற்றப்படும் ‘சொல்லைக் கேட்டதும் பொருள் விளங்கும்’ பண்பு, பெயர் பிழையாக இருக்கும் இடத்தில் பெரும் தீங்காகத் திரும்பிவிடுகிறது. இதைக் கலைச்சொல்லாளர்கள் பேசுவதே இல்லை.

இது புதுவகை விபத்தும் அன்று. ஆக்சிஜன் என்றால் கிரேக்க வேரில் ‘அமிலம் பிறப்பிப்பது’. எல்லா அமிலங்களிலும் அது உண்டென்று லவாய்சியர் நம்பினார். குளோரின் ஒரு தனிமம் என்று 1810இல் ஹம்ப்ரி டேவி நிறுவியபோது அந்த நம்பிக்கை உடைந்தது. கிரேக்கம் தெரியாத ஆங்கிலச் சிறுவனுக்கு ‘ஆக்சிஜன்’ எதையும் சொல்வதில்லை; பிழையும் அவனைத் தீண்டுவதில்லை. வங்காளியில் அதை ‘அம்லஜான்’ என்று ஆக்கினார்கள். பொய்த்துப்போன காரணம் பிறமொழித் திரை விலகி நேராக நின்றது. இன்று வங்காளப் பாடநூல்கள் பெரும்பாலும் ‘அக்ஸிஜன்’ என்றே எழுதுவது தற்செயலாக இருக்க முடியாது.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஜெர்மன் மொழியும் ‘புளிப்புப் பொருள்’ என்னும் பொருளில்தான் ஆக்சிஜனை அழைக்கிறது. அதனால் ஜெர்மானியர் வேதியியலில் பின்தங்கிவிட்டார்களா? இல்லை. ஆனால் ஆக்சிஜனை ஒரு மாணவர் ஆயிரம் இடங்களில் ஆயிரம் முறை சந்திக்கிறார்; மூச்சில், தீயில், துருவில். பயன்பாடு பெயரைக் கழுவிவிடுகிறது. தனியுறுப்பு இணை முனைவாக்கத்தை ஒரு முதுகலை மாணவர் தம் படிப்புக் காலம் முழுவதிலும் ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை சந்திப்பார். அங்கே பெயரே பாதி விளக்கம். நம் தேர்வுமுறை இன்னும் மோசம் செய்கிறது: ‘பின்வரும் சுருக்கத்தை விரிவாக்குக’ என்று ஒரு மதிப்பெண் வினா. ஆங்கிலேயர் புதைத்ததை இந்தியத் தேர்வறை ஆண்டுதோறும் எழுப்பி உட்காரவைக்கிறது. மாணவருக்கு ஐந்து சொல் தெரியும். கப்டைன் 1971இல் வகுத்த விதியின்படி நான்கு குறிகளைப் பெருக்கி உமிழ்வா உட்கவர்வா என்று சொல்லவும் தெரியும். அந்த நான்கும் எவை? இணை ஒற்றைநிலையில் பிறந்ததா மும்மைநிலையிலா. விளைபொருள் எந்தக் கதவு வழியாக வந்தது. ஜி-காரணி வேறுபாட்டின் குறி. மீநுண் இடைவினையின் குறி. நான்கிலும் தூண்டல் எங்கும் இல்லை. பெயரையும் விதியையும் ஒரே தாளில் எழுதும் மாணவருக்கு இரண்டும் ஒன்றையொன்று மறுக்கின்றன என்பது தோன்றாமலே போகிறது. அதற்கு அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

வேறு வழி உண்டா என்று கேட்போர் ரஷ்ய மொழியைப் பார்க்கலாம். இக்கோட்பாட்டைக் கட்டியெழுப்பியதில் மாஸ்கோ, நோவசிபிர்ஸ்க் ஆய்வாளர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. புச்சச்சென்கோ, சலிகோவ், மொலின், சக்தீவ் ஆகியோரின் பெயர்கள் இத்துறையில் எல்லாரும் அறிந்தவை. அங்கே நிலைத்த பெயர் ‘அணுக்கருக்களின் வேதி முனைவாக்கம்’. புச்சச்சென்கோ 1974இல் வெளியிட்ட நூலின் தலைப்பும் அவ்வழியே எலக்ட்ரான், அணுக்கரு ஆகியவற்றின் வேதி முனைவாக்கம் என்றே சொல்கிறது. ‘தூண்டப்பட்ட’ போயிற்று; ‘இயக்கமுறை’ போயிற்று. பொருளறிந்தோர் பெயர் வைத்தால் பழைய கோட்பாட்டின் எலும்புகளைச் சுமந்துகொண்டு வருவதில்லை.

ரஷ்யா வரைக்கும் போக வேண்டியதுமில்லை. தமிழே இதைச் செய்திருக்கிறது, செய்தது தெரியாமலேயே மறந்தும்விட்டது. ஒளியின் ‘போலரைசேஷன்’ என்ற பெயரை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாலுஸ் இட்டபோது, ஒளி துகள்களால் ஆனது, அத்துகள்களுக்குக் காந்தம்போல் முனைகள் உண்டு என்ற எண்ணமே பின்னணியில் இருந்தது. ஃபிரெனெல் ஒளியைக் குறுக்கலை என்று காட்டிய பின் அந்த முனைகளுக்கு வேலையில்லை. ஆங்கிலம் பெயரை மட்டும் வைத்துக்கொண்டது. தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூலோ அதே ஆங்கிலச் சொல்லை மின்துறையில் ‘முனைவாக்கம்’ என்றும், ஒளியியலில் ‘தளவிளைவு’ என்றும் பிரித்து எழுதுகிறது. அதிர்வு ஒரு தளத்துக்குள் அடங்குவதுதான் நிகழ்வு. பெயரும் தளத்தைச் சொல்கிறது. யாரோ ஒருவர், ஆங்கிலச் சொல்லை மூடிவைத்துவிட்டு, நிகழ்வைப் பார்த்துப் பெயரிட்டிருக்கிறார். இந்திய மொழிக் கலைச்சொல்லாக்கத்தில் இதைவிட நேர்த்தியான வேலை அரிது. அந்த முறையைத் தொடராமல், ஒரு சொல்லுக்கு ஒரே ஈடு என்ற ‘சீர்மை’யைக் கொண்டாடுவது, நல்ல பாட்டனின் சொத்தை விற்றுத் தின்னும் வேலை.

‘ஒலிபெயர்ப்பே போதும், கிட்னிப் என்றே எழுதலாமே’ என்பது அடுத்த வாதம். நேர்மையான வாதம். பொய்க்காரணத்தைத் தமிழாக்குவதைவிட இடுகுறியை அப்படியே எடுத்துக்கொள்வது ஆயிரம் மடங்கு மேல். 1961இல் நடுவண் அரசு அமைத்த அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையத்தின் நெறிகளும், தனிமங்கள், அலகுகள் போன்ற பன்னாட்டுப் பெயர்களை அப்படியே ஏற்கவும், கருத்துச் சொற்களைப் பொதுவாக மொழிபெயர்க்கவும் சொல்கின்றன. ஈட்டுச்சொல்லில் எளிமையும் பொருள் துல்லியமும் வேண்டும் என்றும் சொல்கின்றன. ஆனால் முனைவாக்கம் ஒரு கருத்துச் சொல். அது தனித்து நிற்பதில்லை. எலக்ட்ரான் முனைவாக்கம், காந்த ஓரிடத்தான் விளைவு, புலச்சார்பு என்று ஒரு குடும்பமே அதனோடு வருகிறது. 1963இலேயே ஃபெசண்டனும் ஷூலரும் திரவ மீத்தேனில் ஹைட்ரஜன் அணுக்களின் எலக்ட்ரான் கோடு ஒன்று தலைகீழாக இருப்பதைப் பதிவு செய்தார்கள். அதன் பொருள் பின்னர்தான் விளங்கியது. அணுக்கருவுக்குக் ‘கிட்னிப்’ என்றால் எலக்ட்ரானுக்கு இன்னொரு இடுகுறி. இரண்டும் ஒரே இணைக் கோட்பாட்டின் பிள்ளைகள் என்பது தமிழில் மறைந்துபோகும்.

மூன்றாம் மறுப்புதான் கனமானது. கோட்பாடு நாளை மாறினால்? 1967இல் கோட்பாட்டை நம்பிப் பெயர் வைத்ததால்தானே இந்தச் சிக்கல். இன்றைய கோட்பாட்டை நம்பி ‘பிரிப்பு’ என்று பெயர் வைத்தால் அதே தவறை மறுபடி செய்வதாகாதா? ஆகும். மேலும், பிரிப்பு முழுக்கதையும் அன்று. புலம் வலுவிழக்கும்போது மும்மைநிலையின் மற்ற உட்பிரிவுகளும் ஒற்றைநிலையோடு கலக்கின்றன. அங்கே எலக்ட்ரானும் அணுக்கருவும் சேர்ந்தே புரளும். ஒளிச்சேர்க்கை வினைமையங்களின் திடநிலை ஆய்வுகளில் வேறு வழிமுறைகளும் தெரியவந்துள்ளன. ஆகவே ‘பிரிப்பு’, ‘புடைப்பு’ என்றெல்லாம் கவர்ச்சியாகப் பெயரிடும் ஆசையை அடக்கிக்கொள்வதே முறை. பெயர் கண்ணால் கண்டதைச் சொல்லட்டும், விளக்கத்தைச் சொல்ல வேண்டாம். வேதிவினையில் அணுக்கருக்கள் முனைவுற்றிருக்கக் கண்டார்கள்: வேதி அணுக்கரு முனைவாக்கம். எலக்ட்ரான்களுக்கு: வேதி எலக்ட்ரான் முனைவாக்கம். விளக்கத்துக்குத் தனிப்பெயர்: தனியுறுப்பு இணை வழிமுறை. நாளை வழிமுறை மாறினால் மூன்றாம் பெயர் மட்டும் மாறும். முதல் இரண்டும் நிற்கும். தளவிளைவு இன்றும் நிற்பதைப்போல.

(‘தனியுறுப்பு இணை’யிலும் ஒரு சிறு முள் இருக்கிறது. ஆங்கிலம் ‘ரேடிக்கல்’ என்பதற்கு முன்னிருந்த ‘ஃப்ரீ’யை எப்போதோ உதறிவிட்டது, தமிழால் ‘தனி’யை உதற முடியாது, ஏனெனில் வெறும் ‘உறுப்பு’ கை கால்களைக் குறித்துவிடும். விளைவாகத் ‘தனி’யும் ‘இணை’யும் ஒரே தொடரில் முட்டிக்கொள்கின்றன, பிணைப்பில் சேராத எலக்ட்ரான்களைச் சுட்டும் ‘தனித்த இணை’யோடு குழப்பமும் வருகிறது. ‘ரேடிக்கல் இணை’ என்று பாதியை ஒலிபெயர்ப்பதும் தாழ்வில்லை.)

இத்தனை வாதம் ஒரு சொல்லுக்காகவா என்று சலித்துக்கொள்வோர் உண்டு. தள்ளுதல், பிரித்தல் என்ற வேறுபாடு ஆய்வகத்துக்குள் முடங்கிக் கிடப்பதில்லை. ராபின் போன்ற பறவைகள் புவிக்காந்தப் புலத்தால் திசையறிவதற்குத் தனியுறுப்பு இணை காரணமாகலாம் என்று ஷுல்டன், ஸ்வென்பெர்க், வெல்லர் ஆகியோர் 1978இல் முன்மொழிந்தார்கள். பறவையின் கண்ணிலுள்ள கிரிப்டோகுரோம் புரதமே அந்த இடம் என்ற கருதுகோளை 2000இல் ரிட்ஸும் ஷுல்டனும் உடன் ஆய்வாளரும் வைத்தார்கள். அது இன்னும் முற்ற முடிந்த வழக்கன்று. ஆனால் அதைக் கேட்டவுடன் படித்தோரே சொல்லும் மறுப்பு எது? புவிப்புலம் சுமார் 50 மைக்ரோடெஸ்லா. அது எலக்ட்ரானுக்குத் தரும் ஆற்றல் வேறுபாடு அறைவெப்ப ஆற்றலில் 40 லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. இவ்வளவு சிறியது எதை அசைக்கும் என்பது. தள்ளுவது என்று நினைத்தால் இந்த மறுப்பு அசைக்க முடியாதது. பிரிப்பது என்று அறிந்தவருக்கு இது பொருந்தாத கேள்வி. புலம் எதையும் வெப்பத்தோடு போட்டியிட்டுத் தள்ள வேண்டியதில்லை. சமநிலைக்கு வராத ஓர் இணை எந்தக் கதவை நோக்கித் திரும்புகிறது என்பதைச் சற்று மாற்றினால் போதும்.

மறுபக்கம் இன்னும் அசிங்கமானது. காந்தம் வேதிவினையைத் ‘தூண்டும்’ என்று அறிவியல் ஒப்புக்கொண்டுவிட்டதாகச் சொல்லிக் காந்த வளையலும் காந்த நீரும் விற்கும் கடைகள் இந்திய நகரங்களில் பஞ்சமில்லை. தள்ளுதலின் மொழியில் அவர்களுக்கு விடை சொல்வது கடினம். ‘கொஞ்சமாவது தள்ளும் அல்லவா’ என்பார்கள். பிரித்தலின் மொழியில் விடை உடனே இருக்கிறது. எந்த இணை? அது ஒற்றைநிலையில் பிறந்ததா மும்மைநிலையிலா? எத்தனை நானோ நொடி சேர்ந்து வாழ்ந்தது? அதற்கு இரு கதவுகள் எங்கே? புட்டியில் அடைத்த நீரில் இந்தக் கேள்விகளில் ஒன்றுக்கும் பதில் கிடையாது. ஒரு கோட்பாட்டைச் சரியான சொல்லில் கற்றவர் ஏமாற மாட்டார் என்று அடித்துச் சொல்ல முடியாது. தவறான சொல்லில் கற்றவரிடம் இந்தக் கேள்விகளே எழாது என்பதைச் சொல்லலாம்.

இது அவசரமான வழக்காவதற்குக் காரணம் உண்டு. 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின் உயர்கல்வி நூல்களை இந்திய மொழிகளில் கொண்டுவரும் வேலை வேகம் பிடித்திருக்கிறது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் ‘அனுவாதினி’ என்ற இயந்திர மொழிபெயர்ப்புக் கருவியையே உருவாக்கியிருக்கிறது. நோக்கத்தில் குறையில்லை, வரவேற்கத்தக்கது. ஆனால் இயந்திரம் கொடுக்கப்பட்ட சொல்லைப் பார்க்கும். குடுவைக்குள் எட்டிப் பார்க்காது. பட்டியலில் துண்டுக்குத் துண்டு ஈடு இருந்தால் அதையே எல்லா நூல்களிலும், எல்லா மொழிகளிலும், ஒரே நாளில் நட்டுவிடும். முன்பு ஒரு மொழிபெயர்ப்பாளரின் பிழை ஒரு நூலோடு நின்றது. ஒரு நல்ல ஆசிரியர் வகுப்பில் அதைத் திருத்திவிட முடிந்தது. இனி அந்த இடைவெளியும் குறையும். ஆகவே பட்டியலைத் திருத்த வேண்டிய நேரம் இயந்திரத்தின் கையில் அது போய்ச் சேர்வதற்கு முன்புதான்; பேராசிரியர்கள் ஓய்வுபெற்ற பின் எழுதும் முன்னுரைகளில் அன்று.

வேதியியல் துறைகளில் இக்கோட்பாட்டை நடத்துவோரும் மொழித்துறைகளில் கலைச்சொல் ஆய்வோரும் ஒரு மேசையில் உட்கார்ந்து இந்தப் பட்டியலின் ஒரு பக்கத்தையாவது சேர்ந்து படிக்கலாம். ‘வேதி’, ‘அணுக்கரு’, ‘முனைவாக்கம்’ ஆகியவற்றுக்கு எதிரே ஈடுகள் இருக்கட்டும். ‘தூண்டப்பட்ட’, ‘இயக்கமுறை’ ஆகிய இரண்டுக்கும் எதிரே உள்ள கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு, ஓரத்தில் ‘1969’ என்று மட்டும் எழுதிவைக்கலாம்.